கடலை என்றால் எந்தக் கடலை?

இந்தப் பகுதியில் வரும் டிபன் பாக்ஸ் குறிப்புகளை நான் ஒன்று விடாமல் படிப்பேன். கத்தரித்து நோட்டில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் பாதிக் குறிப்புகளை என்னால் அப்படியே செய்ய முடியாது. "கடைசியாக வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவவும்" என்று எங்காவது ஒரு வரி வந்துவிடும். என் இளைய மகனுக்கு நிலக்கடலை ஆகாது. தின்றால் வயிறு உப்பிக்கொள்ளும், பித்தம் ஏறும் என்பார்களே, அந்த 'ஆகாது' இல்லை. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு இரைக்கும். ஒன்றரை வயதில் முதல்முறை அப்படி வந்தபோது ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் சரியாயிற்று. போதாக்குறைக்கு ஏழாம் மாதத்திலிருந்து நாலு வயது வரை பசும்பாலும் அவனுக்கு ஆகாமல் இருந்தது. இப்போது ஆறு வயது. இத்தனை வருஷமாக இந்த இரண்டையும் விலக்கிச் சமைத்ததில் தெரிந்துகொண்டதை, என்னைப் போன்ற தாய்மார்களுக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

முதல் தலைவலி, சமையல் இல்லை சகோதரிகளே, பெயர்தான். நம் தமிழில் 'கடலை' என்றால் எத்தனை கடலை! நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு, கடலை எண்ணெய். இதில் முதலாவதும் கடைசியும்தான் ஒரே செடி. நடுவில் உள்ள நாலும் கொண்டைக்கடலையின் வம்சம். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் நிலக்கடலையைக் கடலக்காய் என்போம். சென்னைக்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை. "பையனுக்குக் கடலை ஆகாதுங்க" என்று பொதுவாகச் சொன்னால் கேட்பவர் மனதில் எந்தக் கடலை வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரரின் அக்கா, நாங்கள் நங்கையா என்போம், மிகவும் பிரியமானவர். ஒருதரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். "கடலை ஆகாதுன்னு சொன்னியே அம்மிணி, அதான் கடலைமாவே தொடலை. பையனுக்குன்னு அரிசிமாவுல பஜ்ஜி போட்டிருக்கேன்" என்று தட்டோடு வந்தார். அடுப்பில் இருந்ததோ செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்! கடலைமாவு அவனுக்கு ஒன்றும் செய்யாது. எண்ணெய்தான் செய்யும். அவரைக் குறை சொல்லவே முடியாது, பெயர் செய்கிற வேலை அது. அன்று முதல் யாரிடம் சொன்னாலும் கையில் ஒரு கடலக்காயை வைத்துக் காட்டிச் சொல்கிறேன். பள்ளி வேன் ஆயாவிடமும் அப்படித்தான்.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்று எல்லாரும் மரச்செக்கு எண்ணெய்க்குத் திரும்பிவிட்டோம். எங்கள் பீளமேட்டிலேயே எத்தனை செக்கு எண்ணெய்க் கடைகள்! அது நல்லதுதான். ஆனால் கடலக்காய் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு நிலைமை தலைகீழ். அலர்ஜியை உண்டாக்குவது நிலக்கடலையில் இருக்கும் புரதம். மில்லில் நன்றாகச் சுத்திகரித்து வரும் ரீஃபைண்டு எண்ணெயில் அந்தப் புரதம் அநேகமாகப் போய்விடுகிறது, பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை என்று எங்கள் டாக்டர் அம்மா சொன்னார். செக்கில் ஆட்டித் தெளிய வைத்த எண்ணெயில் புரதம் தங்கிவிடும். அந்த மணமே அதனால்தானோ என்னவோ! இன்னொன்று, காலையில் கடலை ஆட்டிய அதே செக்கில்தான் மத்தியானம் தேங்காயோ எள்ளோ ஆட்டுவார்கள். அதனால் தேங்காய் எண்ணெயைக்கூட நான் செக்கில் வாங்குவதில்லை. பொரி வறுக்கும் இடத்திலும் இதே கதை. ஒரே வாணலி, ஒரே மணல், பொட்டுக்கடலையும் கடலக்காயும் மாற்றி மாற்றி வறுபடும். பொட்டுக்கடலை என் மகனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று பரிசோதித்துத் தெரிந்த பிறகும், திறந்த மூட்டையில் அள்ளிக் கொடுப்பதை வாங்குவதில்லை.

மாமியார் ஊர் அன்னூர்ப் பக்கம். கடலக்காய் பறித்துக் காய வைத்திருக்கும் நாட்களில் ஆசாரத்தில் மூட்டை மூட்டையாக இருக்கும். மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு ஊற வைத்த வாளியில் பிள்ளைகள் கைவிட்டு அளைவார்கள். எண்ணெய் போன பிறகு புண்ணாக்கில் மிஞ்சுவது ஏறக்குறைய பாதி அந்தப் புரதம்தானே! அத்தை முதலில், "ஒரு புடி தின்னா என்ன ஆயிரும் கண்ணு? நாங்கெல்லாம் கடலக்காக் காட்டுலயே வளந்தவங்க" என்றுதான் சொன்னார். பெரியவர்களோடு இதில் வாதாடிப் பயன் இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அத்தையையும் கூட்டிப் போனேன். டாக்டர் அம்மா அவரையே உட்கார வைத்துப் பேசினார். இப்போது நோம்பிக்கு ஊருக்குப் போனால், நான் சொல்லும் முன்பே வாளியை மாட்டுக் கொட்டகைக்குள் எடுத்து வைத்துவிடுகிறார். பலகாரத்துக்குத் தனிச் சட்டி, தனி எண்ணெய். என்னைவிட அவர்தான் கண்டிப்பு.

பால் கதை வேறு. பசும்பால் ஆகவில்லை என்றதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "ஆட்டுப்பால் கொடுங்க" என்றவர்களே அதிகம். பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. இரண்டின் புரதமும் அவ்வளவு ஒன்று போல இருக்கிறதாம். எருமைப்பாலும் அப்படியே. கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் வந்து சங்கடையில் பால் கறந்து கொடுப்பவரைக்கூட ஒரு பாட்டி வீட்டு வாசலுக்கே அனுப்பி வைத்தார். காய்ச்சாத பாலைக் கைக்குழந்தைக்குப் புகட்ட எனக்கு மனம் வரவில்லை. பால் குடித்தால் வயிறு பொருமிப் பேதியாவது வேறு சங்கதி. அது பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால். அலர்ஜி பாலின் புரதத்தால். முதலாவதில் தயிர் மோர் கொடுக்கலாம், இரண்டாவதில் அதுவும் கூடாது. நெய்யிலும் சிறிது புரதம் இருக்கும் என்பதால் அந்த நாலு வருஷமும் அவன் தட்டில் நெய் விழவில்லை.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று பலரும் நினைக்கிறோம். ருசிக்குச் சரி. சத்துக்குச் சரியில்லை. அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. எங்களைக் காப்பாற்றியது ராகிதான். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, 100 மில்லி பசும்பாலில் இருப்பதோ சுமார் 120 தான். ராகிக் கூழ், ராகி தோசை, ராகிப் புட்டு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். முருங்கைக்கீரையை அரைத்து அடை மாவில் கலந்தால் பச்சை தோசை என்று சண்டை போட்டுக்கொண்டு தின்பான். புரதத்துக்குப் பாசிப்பயறு, கொள்ளு, முட்டை. பால் அலர்ஜியும் முட்டை அலர்ஜியும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும் என்பார்கள். இவனுக்கும் பால் போயிற்று. நாலாவது வயதில் ஆஸ்பத்திரியில் வைத்தே சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் நாமே பரீட்சை செய்யக் கூடாத விஷயம் இது. கடலக்காய் மட்டும் லேசில் போகாது. ஐந்தில் ஒரு குழந்தைக்குத்தான் போகுமாம்.

நம் கொங்கு நாட்டுச் சமையலின் அருமை எனக்குத் தெரிந்ததே இந்தப் பிள்ளையால்தான். சந்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். புழுங்கலரிசி, உப்பு, தண்ணீர், தேங்காய். பால் இல்லை, முட்டை இல்லை, கோதுமை இல்லை, கடலக்காய் இல்லை. இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊற வைத்து, நைசாகக் கெட்டியாக ஆட்டி, இட்லியாக ஊற்றி, சூடு ஆறுமுன் பிழிந்துவிட வேண்டும். தேங்காய்ப்பால், வெல்லம், ஏலக்காய் சேர்த்தால் இனிப்பு. எலுமிச்சை தாளித்தால் டிபன் பாக்ஸுக்கு. அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்க்குப் பதில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பாருங்கள், குறை தெரியாது. ஒப்புட்டுக்கும் அதே எண்ணெய்தான். கடலை உருண்டைக்கு ஏங்கினான் என்று பாசிப்பருப்பு உருண்டை பிடித்தேன். பருப்பை வாசம் வர வறுத்து, பொடித்துச் சலித்து, வெல்லத் தூளும் காய்ச்சிய தேங்காய் எண்ணெயும் விட்டுப் பிடிப்பது. பெரியவளும் இப்போது அதைத்தான் கேட்கிறாள். இட்லிப் பொடிக்கு வறுத்த கொள்ளு, உளுந்து, மிளகாய், பெருங்காயம் போதும்.

எள்ளும் அவனுக்குப் பரிசோதித்து ஒத்துக்கொண்ட பிறகே சேர்த்தேன். எள்ளுதானே என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் நட்டாஷா எட்னன் லப்பருஸ் என்ற 15 வயதுப் பெண், 2016-ல் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைத் தின்றதால் இறந்துபோனாள். எள் மாவுக்குள்ளேயே கலந்திருந்தது, உறையில் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெற்றோர் விடாமல் போராடி, 2021-ல் அங்கே உறையில் எல்லாவற்றையும் அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. அதை அவள் பெயராலேயே அழைக்கிறார்கள். அமெரிக்காவிலும் 2023 முதல் எள்ளை அலர்ஜிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா இவையெல்லாம் இருந்தால் பாக்கெட்டில் தனியாகக் குறிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை. பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். 'வே', 'கேசின்', 'மில்க் சாலிட்ஸ்' எல்லாம் பால்தான். ஆனால் மிட்டாய்க் கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துக் கட்டுகிற மிக்சருக்கு எந்தப் பின்பக்கத்தைப் படிப்பது? நான் வாங்குவதே இல்லை. காளான் வண்டிப் பக்கமும் போவதில்லை. போகும்போதெல்லாம் மணம் இழுக்கும், அது வேறு விஷயம்.

பாத்திரம் கழுவுவதில் ஒரு சங்கதி. மிக்சி ஜாரின் பிளேடுக்கு அடியில் எத்தனை கழுவினாலும் சட்னி ஒட்டிக்கொண்டிருக்கும். கடலைச் சட்னி அரைத்த ஜாரில் இவனுக்குச் சட்னி அரைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கடலக்காயே வருவதில்லை என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டதால் அந்தக் கவலை விட்டது. பெரியவளுக்கு ஆசை வந்தால் வெளியே தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கைகழுவி வாய் கொப்பளித்து வருவாள். சோப்பு முக்கியம். வெறும் தண்ணீரோ, கையில் தேய்க்கும் சானிடைசரோ அதைப் போக்காது.

இவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு யாரும் பயந்து, நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். அதுவும் நடக்கிறது. எங்கள் வீதியில் ஒரு தாய், குழந்தைக்குக் கரப்பான் என்று ரத்தப் பரிசோதனை செய்ததில் பதினாலு பொருளுக்கு எதிரே குறி போட்டு வந்தது. பால், முட்டை, கோதுமை, பருப்பு, மீன் என்று மொத்தமும் நிறுத்திவிட்டார். ஆறே மாதத்தில் குழந்தை எலும்பும் தோலுமாகிவிட்டது. ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்ததில், உண்மையில் ஆகாதது முட்டை ஒன்றுதான். ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற பொருளைப் பார்த்துச் சொல்வது அந்தப் பரிசோதனை. (அதை 1966-ல் கண்டறிந்தவர்கள் இஷிசாகா என்ற ஜப்பானியக் கணவனும் மனைவியும். ஒரே ஆய்வுக்கூடத்தில் ஜோடியாக! எனக்கு இதைக் கேட்டதும் அவ்வளவு சந்தோஷம்.) ஆனால் அது இருப்பதாலேயே அலர்ஜி என்று ஆகிவிடாது. பக்கத்துக் கர்நாடகத்தில் பெரியவர்களைப் பரிசோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு ரத்தத்தில் குறி காட்டியவர்கள் நூற்றுக்கு 26 பேருக்கு மேல். தின்றால் உண்மையில் தொந்தரவு வரக்கூடியவர்கள் நூற்றுக்கு ஒருவர், கொஞ்சம் கூட. டாக்டர் அம்மா இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தின்றபோது என்ன நடந்தது என்பதை நாம் ஒழுங்காகச் சொன்னால்தான் பரிசோதனைக்கு அர்த்தம். என்ன தின்றான், எவ்வளவு நேரத்தில், எங்கே தடித்தது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கைக்குழந்தைக்குக் கடலக்காய் கொடுக்கலாமா என்று கர்ப்பமாக இருக்கும் என் தங்கை கேட்டாள். ஒரு காலத்தில் வெளிநாட்டு டாக்டர்களே, அலர்ஜி வரக்கூடிய குழந்தைக்கு மூன்று வயது வரை கொடுக்காதே என்றார்கள். அது தப்பு என்று தெரிந்துவிட்டது. லண்டனில் கிடியோன் லாக் என்ற டாக்டரின் குழு, கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாலு முதல் பதினொரு மாதத்துக்குள்ளேயே நிலக்கடலை கொடுக்கத் தொடங்கினார்கள். மறு பாதிக்கு அறவே இல்லை. ஐந்து வயதில் பார்த்தால், தின்றவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு அலர்ஜி, தின்னாதவர்களில் 17 பேருக்கு! 2015-ல் வெளிவந்த செய்தி இது. ஆகவே தங்கையிடம், ஆறு மாதத்துக்கு மேல் மற்ற ஆகாரம் தொடங்கும்போது டாக்டரைக் கேட்டுக்கொண்டு நைசாக அரைத்துக் கூழில் கரைத்துக் கொடு என்றேன். முழுக் கடலையாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். ஏற்கெனவே தடித்த குழந்தைக்கு இது பொருந்தாது.

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒருநாள் நழுவலாம். தோலில் தடிப்பு மட்டும் என்றால் டாக்டர் கொடுத்த மருந்து போதும். மூச்சு இரைப்பு, குரல் கம்முவது, திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம், சோர்ந்து விழுவது என்றால் அவில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐக் கூப்பிட்டு, "அலர்ஜி, மூச்சு வாங்குகிறது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தையை நடக்க விடாமல் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் உட்காரட்டும். ஊசி போட்டுத் தெளிந்ததும் வீட்டுக்கு ஓடிவரக் கூடாது, சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம். இதையெல்லாம் தமிழில் எழுதி அவன் பையில், வேனில், வகுப்பு டீச்சரின் மேஜையில், அத்தை வீட்டு நிலைப்படியில் என்று நாலு இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பிறந்தநாள் கேக்குக்கும் வழி உண்டு. பாலும் முட்டையும் இரண்டுமே ஆகாத பிள்ளைக்கும் ஆகும். மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், கோக்கோ மூன்று மேஜைக்கரண்டி, சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இவற்றைச் சலித்து, எண்ணெய் கால் கப்புக்குச் சற்றுக் கூடுதல், வினிகர் ஒரு மேஜைக்கரண்டி, தண்ணீர் ஒரு கப் ஊற்றிச் சட்டென்று கலக்க வேண்டும். சோடாவும் வினிகரும் சேர்ந்து பொங்குவதுதான் முட்டையின் வேலையைச் செய்கிறது. கலந்து வைத்துவிட்டுப் போனில் பேசப் போனால் கேக் அமுங்கிவிடும். குக்கரில் கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பிச் சிறு தீயில் 40 நிமிடம். வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முதல்நாளே அந்தத் தாய் எனக்குத் தகவல் அனுப்பிவிடுகிறார், இவனுக்கு ஒரு துண்டு வீட்டிலிருந்தே போகும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு முட்டை ஆகாது என்றால் சத்துணவு அமைப்பாளரிடம் நேரில் சொல்லுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுப்பது வழக்கம்தான்.

இப்போதெல்லாம் யார் எதை நீட்டினாலும் அவனே, "இதுல கடலக்கா இருக்குங்களா?" என்று கேட்கிறான். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்கட்டும். வரும் ஜூனில் பெரிய பள்ளிக்கு மாற வேண்டும். அங்கே கேன்டீன் இருக்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். சமையல்காரம்மா நல்லவர், பொறுமையாகப் பதில் சொன்னார். வடையும் போண்டாவும் எந்த எண்ணெயில் என்று கேட்டேன். "சுத்தமான செக்குக் கடலை எண்ணெய்ங்க, பிள்ளைங்க உடம்புக்கு நல்லதுன்னு கரஸ்பாண்டன்ட் ஐயாவே சொல்லி வாங்கறாருங்க" என்றார். அவரைப் பார்க்க அடுத்த வியாழக்கிழமை நேரம் கேட்டிருக்கிறேன். அத்தையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

- ஒரு வாசகி, பீளமேடு, கோவை.